ஒகினாவா கராத்தே கைகான்: வாசல் மேட்டின்மேல், பயிற்சி ஊருக்குள்

ஜப்பானின் ஒகினாவா மாகாணத் தலைநகரான நாஹாவின் விமான நிலையத்திலிருந்து காரில் கால் மணி நேரம். தொமிகுசுக்கு நகரத்தில், பழைய கோட்டை ஒன்று இருந்த மேட்டின்மேல் ஒகினாவா கராத்தே கைகான் நிற்கிறது. 2017 மார்ச்சில் திறக்கப்பட்ட இடம். ஜப்பானுக்குப் பயிற்சிப் பயணம் போக நினைக்கும் கராத்தேக்காரர்கள் பேச்சில் இந்தப் பெயர் கட்டாயம் அடிபடும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: அங்கே நேராகப் போய் இறங்கினால் பயிற்சி கிடைக்குமா? கைகானை ஒரு பள்ளிக்கூடம் என்று எண்ணிப் போகிறவர் காலியான மரத்தரையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். ஊருக்குள் இருக்கும் டோஜோ என்ற பயிற்சிக்கூடங்களுக்குப் போக இதை வாசலாகப் பயன்படுத்துகிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கராத்தே உலகில் வேறெங்கும் இல்லை.

முதலில் கட்டடம். டோஜோ பகுதியில் போட்டி அளவிலான களங்கள் நான்கு, தரை முழுக்க மரம், பார்வையாளர் இருக்கைகள். தனியாக ஒரு பயிற்சி அறையில் பழைய முறைக் கருவிகள் இருக்கின்றன. தங்கள் ஆசானோடு பத்து இருபது பேராகப் போகும் குழு முன்பதிவு செய்து களத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்படிப் போகிறவர்களுக்கு இடம் அருமை. பக்கத்தில் கண்காட்சிக் கூடம். பல கராத்தே அருங்காட்சியகங்களில் பொருள்கள் கண்ணாடிக்குள் இருக்கும், இங்கே சில கருவிகளைக் கையில் தூக்கிப் பார்க்கலாம். படத்தில் பார்த்த கல் சுத்தியலின் எடை மணிக்கட்டில் எப்படி இறங்குகிறது என்பது அரை நிமிடத்தில் புரிந்துவிடும். மேட்டின் உச்சியில் சிவப்பு ஓட்டுக் கூரையோடு ஷூரெய்-நோ-யகாத்தா என்ற சிறப்பு டோஜோ இருக்கிறது. மூத்த ஆசான்களின் செய்முறை, உயர்நிலைத் தேர்வு போன்ற பெரிய நிகழ்ச்சிகளுக்கானது. வெளியிலிருந்து பார்த்தாலே மனம் நிறையும்.

குறைகளும் உண்டு. மோனோரயில் வாசல் வரை வராது. பஸ் அல்லது டாக்சிதான். புதன்கிழமை விடுமுறை, திருவிழாக் காலங்களில் நேரம் மாறும். தனியாளாகப் போகிறவருக்கு அங்கே காத்திருக்கும் நிரந்தர வகுப்பு என்று எதுவும் கிடையாது. கண்காட்சியைப் பொறுமையாகப் பார்க்க இரண்டு மணி நேரம் போதும். அதற்காக மட்டும் ஒகினாவா வரை பறக்க வேண்டியதில்லை.

கைகானின் உயிர் அதற்குள் இயங்கும் ஒகினாவா கராத்தே தகவல் மையம்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் உள்ளூர் டோஜோக்களுக்கும் நடுவே நின்று இணைத்துவிடுவது இவர்கள் வேலை. இந்தச் சேவைக்குத் தயங்காமல் முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஒகினாவாவில் டோஜோ பெரும்பாலும் ஆசானின் வீட்டோடு சேர்ந்தது. கீழ்த்தளத்தில் பயிற்சி, மாடியில் குடும்பம். பெயர்ப்பலகை சிறியது, இணையத்தில் முகவரி இருக்காது, தொலைபேசியை எடுப்பவருக்கு ஜப்பானிய மொழி மட்டுமே தெரிந்திருக்கும். அறிமுகம் இல்லாமல் கதவைத் தட்டுவது அங்கே மரியாதைக் குறைவு. அந்த அறிமுகத்தை இந்த மையம் செய்து தருகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் போதும்.

எழுதுகிற விதத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "ஒகினாவாவில் கராத்தே கற்க விரும்புகிறேன், உதவுங்கள்" என்று ஒரே வரியில் அனுப்பும் கடிதத்தை வைத்து யாரையும் எந்த ஆசானிடமும் அனுப்ப முடியாது. குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பே எழுதுங்கள். முதல் கடிதத்திலேயே இவை எல்லாம் இருக்கட்டும்: உங்கள் பாணி, எத்தனை ஆண்டுப் பயிற்சி, எந்த பெல்ட், யாருடைய மாணவர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை பேர், வயது, முழங்கால் முதுகு போன்ற இடங்களில் பழைய காயம் உண்டா, எந்தக் கட்டாவை, அதாவது எந்த அசைவுத் தொடரை, திருத்திக்கொள்ள விரும்புகிறீர்கள். கடைசியாகச் சொன்னதற்குத்தான் பதில் விரைவாக வரும். 'சான்சின் மட்டும்' அல்லது 'நைஹான்ச்சி மட்டும்' என்று ஒரு கட்டாவின் பெயரைச் சொல்லிக் கேட்கிறவரை யாரிடம் அனுப்ப வேண்டும் என்பது அவர்களுக்கு உடனே தெரியும்.

உங்கள் மாஸ்டருக்குத் தெரியாமல் எழுதாதீர்கள். உங்கள் பாணியின் தலைமை டோஜோ ஒகினாவாவிலேயே இருந்தால் அவர் வழியாகவே போவதுதான் முறை. ஆசானைத் தாண்டி வந்த மாணவரை அங்குள்ள மூத்தவர்கள் மரியாதையோடு நடத்துவார்கள், பயிற்சியிலும் நிற்க வைப்பார்கள். ஆனால் உள்ளே கொண்டுபோக மாட்டார்கள்.

பாணித் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணத்தின் பாதிப் பலன் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. ஒகினாவாவில் பெரிய மரபுகள் மூன்று: மியாகி சோஜுன் அமைத்த கோஜு-ரியு, சிபானா சோஷின் பெயரிட்ட ஷோரின்-ரியு முதலான, ஷூரி என்ற ஊரின் வழிப் பள்ளிகள், உவேச்சி கான்புன் சீனாவிலிருந்து கொண்டுவந்ததில் வளர்ந்த உவேச்சி-ரியு. இவற்றோடு போ என்ற நீளக் கோல், சாய், தொன்ஃபா, நுன்சாக்கு போன்ற ஆயுதங்கள் பழகும் கொபுதோ. நம்மூரில் பரவலாக உள்ள ஷிட்டோ-ரியுவும் ஷோட்டோகானும் ஜப்பானின் பெரிய தீவில் உருப்பெற்றவை, என்றாலும் இரண்டின் வேரும் இங்கேதான். ஷிட்டோ-ரியுவை நிறுவிய மபுனி கென்வா ஷூரியில் பிறந்து, இதோசு ஆன்கோ, ஹிகாவோன்னா கான்ரியோ இருவரிடமும் கற்று, பிறகு ஒசாக்காவில் குடியேறியவர். ஆகவே ஷிட்டோ-ரியு மாணவருக்கு இரண்டு கதவும் திறந்திருக்கிறது: பின்னான், பஸ்ஸாய், குசன்கு கட்டா வரிசையை ஷூரி வழி டோஜோவில் பார்க்கலாம், சான்சின், சைஃபா, செயுன்சின் வரிசையைக் கோஜு-ரியுவில் பார்க்கலாம். ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

ஷோட்டோகான்காரர்களுக்கு முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை. நீங்கள் 'ஹேயான் ஷோதான்' என்று செய்வது இங்கே 'பின்னான் நிதான்'. ஷோட்டோகானை நிறுவிய ஃபுனாகோஷி கிச்சின் பெயரை மாற்றியபோது முதல் இரண்டின் வரிசையும் மாறிவிட்டது. உங்கள் 'தெக்கி' இங்கே 'நைஹான்ச்சி'. நீங்கள் கொகுத்சு-தாச்சியில் பின்காலில் நீளமாக அமரும் இடங்களில் இவர்கள் குட்டையான, உயர்ந்த நெகோ-ஆஷி நிலையில் நிற்பார்கள். கட்டாவின் வரைபடம் ஒன்றுதான், உடலின் வேலை வேறு. "எங்கள் பள்ளியில் இப்படிச் செய்வோம்" என்ற வாக்கியத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். அங்கே அதற்குப் பதில் சொல்ல மாட்டார்கள். சிரித்துவிட்டு அடுத்த மாணவரிடம் போய்விடுவார்கள்.

மாலை வகுப்பும் மரத்தரையும்

ஆசான்களில் பலர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். அதனால் வகுப்புகள் பெரும்பாலும் இரவு ஏழு மணிக்கு மேல், வாரத்தில் இரண்டு மூன்று நாள். தினமும் ஆறு மணி நேரம் பயிற்சி என்ற கணக்கோடு போகிறவர் பகலெல்லாம் அறையில் உட்கார்ந்திருக்க நேரிடும். பகலுக்குத் தனித் திட்டம் வேண்டும்: காலையில் நேற்றுத் திருத்தியதைத் தனியாகப் பழகுவது, மதியம் ஓய்வு, இடையில் ஒரு பூங்கா. மத்சுயாமா பூங்காவில் ஹிகாவோன்னா, மியாகி இருவருக்கும் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஓனோயாமா பூங்காவில் ஃபுனாகோஷி நினைவுச்சின்னமும் மாகாண புதோகான் என்ற தற்காப்புக் கலை அரங்கமும் உண்டு. இரண்டு பூங்காக்களிலும் கட்டா பழக நிழல் கிடைக்கும்.

வகுப்புக்குப் பதினைந்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். காலணியைக் கழற்றி, முனை வாசலைப் பார்க்கும்படித் திருப்பி வையுங்கள். கழிவறைக்குத் தனிச் செருப்பு இருக்கும்; அதோடு டோஜோ தரைக்கு வந்துவிடக் கூடாது. வெள்ளை உடை, துவைத்தது, அதிக பேட்ஜ் இல்லாதது. எந்த பெல்ட் கட்டிக்கொள்வது என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். வேறு பாணியிலிருந்து வருகிறவர் வெள்ளை பெல்ட்டையும் பையில் வைத்திருப்பது நல்லது. கேட்காமலே அதைக் கட்டிக்கொண்டு நிற்பவரிடம் ஆசான் பேசும் தொனியே வேறாக இருக்கும். கட்டணத்தைப் பணமாக, உறையிலிட்டு, இரு கையாலும் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்று தகவல் மையத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், ஆசானிடம் பேரம் வேண்டாம். ஊரிலிருந்து சின்னதாக ஒரு தின்பண்டப் பெட்டி கொண்டுபோங்கள். தனித்தனியாகச் சுற்றிய இனிப்பாக இருந்தால் எல்லா மாணவருக்கும் பகிர்ந்து கொடுக்க முடியும்.

தரை துடைப்பது பல டோஜோக்களில் பயிற்சியின் பகுதி. ஈரத் துணியைத் தரையில் விரித்து, இரு கையையும் அதன்மேல் ஊன்றி, இடுப்பை உயர்த்தி ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஓட வேண்டும். "விருந்தாளிதானே" என்று ஓரமாக நிற்காதீர்கள். அங்கே முதல் மதிப்பீடு நடப்பது இந்த ஐந்து நிமிடத்தில்தான்.

மரத்தரை நம் உள்ளங்காலுக்குப் புதிது. ரப்பர் பாயில் பழகியவர்களுக்கு இரண்டாம் நாளே பெருவிரலின் அடியிலும் முன்பாதத்திலும் கொப்புளம் வரும். சுழலும்போது தோல் தரையைப் பிடித்துக்கொள்ள, எலும்பு மட்டும் நகர்வதுதான் காரணம். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே மொட்டை மாடியிலோ சிமென்ட் தரையிலோ வெறுங்காலோடு மெதுவாகக் கட்டா செய்து தோலைப் பழக்குங்கள். துணி பிளாஸ்திரி எடுத்துப்போங்கள். பிளாஸ்டிக் பிளாஸ்திரி வியர்வையில் உருண்டுவிடும். குதிகாலை ஓங்கி மிதிக்கும் பழக்கம் இருந்தால் முழங்கால் வலிக்கத் தொடங்கும். பாயின் மென்மை மறைத்துவைத்திருந்த தவறு அது, மரம் அதை மறைக்காது.

எதைத் திருத்துவார்கள்?

அடிப்படையை. இதற்குத்தான் இவ்வளவு தூரம் போகிறோம் என்பது பலருக்கு மூன்றாம் நாள்தான் உறைக்கிறது. கோஜு-ரியு டோஜோவுக்கு சுபாரின்பெய் என்ற உயர்நிலைக் கட்டாவைக் கற்கப் போனவரை அடிப்படைக் கட்டாவான சான்சினிலேயே நிறுத்திவைப்பார்கள். நிற்கும் விதத்திலிருந்து ஆரம்பம்: பாதங்களுக்கு நடுவே தோள் அகலம், முன்காலின் குதிகாலும் பின்காலின் விரல்நுனியும் ஒரே கோட்டில், முன்கால் விரல்கள் சற்றே உள்நோக்கி, முழங்கால் மடங்கி, இடுப்பின் அடிப்பகுதி முன்னால் சுருட்டப்பட்டு, தோள் இறங்கி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு முட்டி இடைவெளி. நம்மூர் மாணவர்களிடம் பொதுவாகக் காணும் தவறு மூச்சைத் தொண்டையில் இறுக்கிச் சத்தத்தைப் பெரிதாக்குவது. முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், தோள் ஏறும். தோள் ஏறினால் விலாப்பக்கத் தசை தளர்ந்துவிடும். ஆசான் உள்ளங்கையால் அங்கே தட்டிப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். மூச்சு அடிவயிற்றிலிருந்து போகட்டும், சத்தம் தானாக வருவதோடு போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூச்சை அடக்கி உடலை முறுக்கும் சான்சின் அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும்.

சான்சினிலேயே இரண்டு வடிவம் உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். மியாகி அமைத்ததில் திரும்புதல் இல்லை; முன்னே போய் அப்படியே பின்வாங்க வேண்டும். ஹிகாவோன்னாவிடமிருந்து வந்ததில் திரும்புதல் உண்டு. உவேச்சி-ரியுவின் சான்சின் திறந்த கையில் நடக்கும். எது சரி என்ற விவாதத்துக்கு அங்கே இடமில்லை. நிற்கும் டோஜோவின் வடிவத்தைச் செய்யுங்கள்.

ஷூரி வழி டோஜோக்களில் இதே வேலையை நைஹான்ச்சி செய்கிறது. பக்கவாட்டில் மட்டுமே நகரும் கட்டா. நம்மில் பலர் பதவித் தேர்வுக்காகப் படித்து மறந்துவிட்ட ஒன்று. அங்கே அதை ஆண்டுக்கணக்கில் செய்கிறார்கள். அகலமாக உட்கார்ந்து வலிமை காட்டுகிறவரைக் குறுக்கி நிற்கச் சொல்வார்கள். நிலை குறுகியதும் கை அடி பலவீனமாகிவிட்டதாகத் தோன்றும், ஏனென்றால் அதுவரை தோளால் அடித்துவந்திருக்கிறோம். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பகுதியை, அங்கே காமாக்கு என்பார்கள், அதை இயக்கி அடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அடுத்த பாடம். அடி முடியும் கணத்தில் அக்குள், விலா, வயிறு ஒன்றாகப் பூட்டிக்கொள்வது சின்குச்சி. எதிராளியின் கையோடு ஒட்டிக்கொண்டு கனமாக நகர்வது முசிமி. இந்த மூன்றையும் விளக்கிக் கேட்பதைவிட, ஆசான் தம் விலாவில் உங்கள் கையை வைத்துக்கொண்டு ஒரு முறை அடித்துக் காட்டினால் போதும். நாஹாவில் கிடைக்கும் பாடங்களில் மதிப்பு மிக்கது இதுதான். வீடியோவில் இது வராது.

அதனாலேயே படம் எடுக்கும் ஆசையை அடக்குங்கள். அனுமதி கேட்டால் சிலர் தருவார்கள், வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில். வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பியதும் நோட்டில் எழுதுவதே நல்ல வழி: எந்த அசைவு, என்ன சொன்னார், உடலில் எங்கே உணர்ந்தீர்கள். மறுநாள் காலைப் பயிற்சிக்கு அதுவே பாடத்திட்டம்.

கருவிகள்

மாகிவாராவைப் பற்றி நிறையத் தவறான எண்ணங்கள் இருக்கின்றன. அது முட்டியை மரத்துப்போகச் செய்யும் கருவி அன்று. அடியில் தடித்து உச்சியில் மெலிந்த பலகை. அடித்தால் வளைந்து திரும்பத் தள்ளும். அந்த எதிர்த்தள்ளலைக் குதிகால் வரை தாங்க முடிகிறதா என்பதே சோதனை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முட்டியும் பட வேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது, தொட்ட பிறகு பலகையை ஒரு கணம் அழுத்திப் பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் கைக்கு இருபது முப்பது அடி, அரை பலத்தில். தோல் கிழிந்தால் அன்றோடு நிறுத்துங்கள்; அடுத்தவர் அதே வைக்கோல் கயிற்றில் அடிக்க வேண்டியிருக்கிறது. முதல் நாள் ஆர்வத்தில் நூறு அடித்து, மறுநாள் முட்டியை மடக்க முடியாமல் வகுப்பின் ஓரத்தில் உட்காருவது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சகஜமாக நடப்பது.

சீஷி என்பது குட்டையான கோலின் ஒரு முனையில் கல் அல்லது சிமென்ட் கட்டி பொருத்திய கருவி. பார்க்கச் சின்னது. எடை முழுவதும் ஒரு முனையில் இருப்பதால் மூன்று நான்கு கிலோவே மணிக்கட்டைத் திருகிவிடும். நம்மூர் உடற்பயிற்சிக் கூடங்களில் கர்லாக்கட்டை சுற்றியவர்களுக்கு இதன் இழுப்பு சீக்கிரம் பிடிபடும். வீசித் தூக்கினால் முழங்கையின் வெளிப்பக்கத் தசைநார் வலிக்கும்; நிலையை இறக்கி, இடுப்பால் எடுத்து, உச்சியில் ஒரு கணம் நிறுத்தி, கட்டுப்பாட்டோடு இறக்க வேண்டும். நிகிரி-கமே வாய் விளிம்பை விரல்நுனிகளால் பற்றித் தூக்கும் ஜாடி. வெற்று ஜாடியோடு நடந்து பழகிய பிறகே மணல் சேர்க்க வேண்டும், அதுவும் கைப்பிடி கைப்பிடியாக. விரலால் பற்றுவதைவிட முக்கியம், அந்தப் பிடியோடு தோளை இறக்கிவைத்து சான்சின் நடை நடப்பது. கொங்கோகென் என்ற நீள்வட்ட இரும்பு வளையம் 1934-இல் மியாகி ஹவாய் போய்வந்த பிறகு கோஜு-ரியுவில் சேர்ந்தது. அதைத் தனியாகத் தொட வேண்டாம். கால் விரல்மேல் விழுந்தால் பயணம் அன்றோடு முடிந்தது.

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றை ஊருக்குத் திரும்பி உள்ளூர்த் தச்சரிடமும் மண்பாண்டக்காரரிடமும் செய்துகொள்ளலாம். ஆசானின் அனுமதியோடு அளவெடுத்து வாருங்கள். எடையைச் சுமந்து வர வேண்டியதில்லை.

பதவிச் சான்றிதழ் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். பத்து நாள் தங்கி, தேர்வு எழுதி, ஜப்பானிய எழுத்தில் சட்டம் போட்ட சான்றிதழோடு திரும்ப வேண்டும் என்பது சிலரின் நோக்கம். அதற்காக ஒகினாவா போவது வீண்செலவு. நல்ல டோஜோவில் ஆசான் உங்களை ஆண்டுக்கணக்கில் அறிந்த பிறகே அந்தப் பேச்சு வரும். முதல் பயணத்திலேயே கேட்டால் அடுத்த பயணத்துக்கான கதவு சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். மாறாக, ஒரே ஒரு கட்டாவைத் திருத்திக்கொண்டு போய், அடுத்த ஆண்டு அதே டோஜோவுக்குத் திரும்பி வந்து அந்தத் திருத்தம் உடலில் இறங்கியிருப்பதைக் காட்டுகிறவருக்கு அங்கே கிடைக்கும் வரவேற்பு எந்தச் சான்றிதழையும் விடப் பெரியது.

பிரவுன் பெல்ட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அவசரப்பட வேண்டாம். திருத்துவதற்கு முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். போட்டிக் கட்டா பழகும் இளையவர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. தோக்கியோ ஒலிம்பிக் கட்டா பிரிவில் 2021 ஆகஸ்டில் தங்கம் வென்ற கியுனா ரியோ ஒகினாவாக்காரர், ரியுவே-ரியு மரபில் வந்தவர். அந்த வேகத்துக்கு அடியில் இருப்பது மேலே சொன்ன அடிப்படைதான்.

எப்போது போவது, எதைச் சாப்பிடுவது

நவம்பர் முதல் ஏப்ரல் நடு வரை நல்ல காலம். மே தொடக்கத்திலிருந்து ஜூன் கடைசி வரை மழை. ஜூலை முதல் அக்டோபர் வரை புயல், அதிலும் ஆகஸ்டும் செப்டம்பரும் மோசம். புயல் நாளில் மோனோரயில், பஸ், விமானம் எல்லாமே நின்றுவிடலாம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை தொடர் விடுமுறை என்பதால் அறை வாடகை ஏறும், டோஜோக்கள் மூடியிருக்கும். முன்னோரை வழிபடும் ஓபோன் ஒகினாவாவில் சந்திர நாள்காட்டிப்படி வருவதால் தேதி ஆண்டுதோறும் நகரும். அந்த நாட்களில் வகுப்பு இருக்காது. தேதியைத் தகவல் மையத்திடம் கேட்ட பிறகே டிக்கெட் எடுங்கள். அக்டோபர் 25 கராத்தே தினம். 1936-இல் அதே நாளில் நாஹாவில் மூத்த ஆசான்கள் கூடி 'கராத்தே'யை இன்று எழுதும் எழுத்தில் எழுத முடிவெடுத்ததன் நினைவாக 2005-இல் மாகாணம் அறிவித்தது. அதையொட்டி நாஹாவின் கொக்குசாய் தெருவில் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகக் கட்டா செய்வதைப் பார்க்கலாம். அந்த வாரம் ஆசான்களுக்கு வேலை அதிகம், தனிக் கவனம் குறையும். கூட்டத்தைப் பார்க்க அக்டோபர், கற்றுக்கொள்ள பிப்ரவரி.

உடை இரண்டு செட் வேண்டும். கனமான கான்வாஸ் உடை ஒகினாவா ஈரக் காற்றில் ஒரே இரவில் காயாது. ஒன்று லேசான துணியாக இருக்கட்டும். காசு போட்டுத் துவைத்து உலர்த்தும் கடைகள் நாஹாவில் எங்கும் உண்டு. அங்கேயே வாங்குவதென்றால் ஷுரெய்தோ கடை உலகெங்கும் உள்ள கராத்தேக்காரர்களுக்குத் தெரிந்த பெயர். தையலும் துணியும் பல ஆண்டு தாங்கும். போய் இறங்கிய முதல் நாளே ஆர்டர் கொடுங்கள், பெயர் பின்ன நாள் எடுக்கும். பருத்தி சுருங்கும், கை நீளமும் கால் நீளமும் கொஞ்சம் கூடுதலாக எடுத்து, முதல் சலவையைக் குளிர்ந்த நீரில் போட்டு நிழலில் உலர்த்துங்கள். சூடான உலர்த்தியில் போட்டால் ஒரு அளவு குறைந்துவிடும்.

சைவர்களுக்கு ஒகினாவா கடினம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பன்றி இறைச்சி அந்தத் தீவின் அன்றாட உணவு. பாகற்காய்ப் பொரியலான கோயா சம்புருவில்கூட அது இருக்கும். காய்கறி சூப் என்று சொன்னாலும் அடியில் உலர்ந்த மீன் ஊறிய நீர் இருக்கும். ஷிமா-தோஃபு என்ற கெட்டியான தோஃபு, வேர்க்கடலையில் செய்யும் ஜிமாமி-தோஃபு, உமேபோஷி ஊறுகாய் வைத்த சோற்று உருண்டை, பழம் இவற்றை நம்பலாம். ஜிமாமிக்கு ஊற்றும் சாறில் மீன் இருக்கலாம், தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். சமையலறை உள்ள அறை எடுத்து, ஒரு சின்ன குக்கரும் பொடிகளும் கொண்டுபோனால் கவலையில்லை. வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பு சாப்பிட்டுவிடுங்கள். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது பல கடைகள் மூடியிருக்கும். வியர்வை மிக அதிகம் போகும். தண்ணீர் மட்டும் குடித்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், உப்பு கலந்த பானம் வேண்டும்.

தங்குவதற்கு நாஹாவில் மோனோரயில் பாதையை ஒட்டிய இடம் நல்லது. டோஜோ முகவரி உறுதியான பிறகே அறையைப் பதிவு செய்யுங்கள். இரவு ஒன்பதரைக்கு மேல் ஈர உடையோடு இரண்டு பஸ் மாறி வருவது உடம்பை வாட்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் விசா தேவை. நீண்ட காலம் தங்கிப் பயில விரும்பினால் குறுகிய காலப் பயண விசா போதாது, கலாசாரச் செயல்பாட்டுக்கென்று தனி வகை இருக்கிறது. பயணக் காப்பீட்டை வாங்கும்போது விதிவிலக்குப் பட்டியலைப் படியுங்கள். பல திட்டங்களில் தற்காப்புக் கலைக் காயங்கள் சேராது. சேர்த்துத் தரும் திட்டத்தை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கொபுதோ ஆயுதம் வாங்கினால் சாய், நுன்சாக்கு, தொன்ஃபா எதையும் கைப்பையில் வைக்க முடியாது. ஆறு அடி போ பெரும்பாலான விமானங்களில் அளவு மீறிய பெட்டியாகக் கணக்காகும். கட்டணத்தை விமான நிறுவனத்திடம் கேட்டுவிட்டு வாங்குங்கள், அல்லது நடுவில் கழற்றி மாட்டும் போ வாங்குங்கள். தெருவில் எடுத்துச் செல்லும்போது உறையில் மூடி இருக்கட்டும்.